இடுப்பளவு ஜன்னல்

கொத்தனார் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டபோது தங்கச்சி பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பின்ஜன்னலின் மேல்சட்டத்துக்கு இரண்டு முழம் மேலே அந்தக் கோடு ஓடியது. கொத்தனார் ரசமட்டத்தை அதன்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். திருப்தியானதும் சாக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில இது வரைக்கும் ஒடச்சு எடுத்துட்டா, ஆள் நிமிர்ந்து நின்னு பேசலாம். வெளிச்சமும் வரும், காத்தும் வரும்."

"எவ்ளோ உயரம் வரும்?"

"உங்க உயரம் வரும் தங்கச்சி. உங்க மூக்கும் இடிக்காது, வர்றவங்க கழுத்தும் வலிக்காது. மொகத்துக்கு மொகம்."

முறத்தில் அவள் விரலுக்கு ஒரு கல் அகப்பட்டது. அதை எறியாமல் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

அவளுக்கு ஐம்பது வயது. சாப்பாட்டுக்கடை முதலாளியின் தங்கச்சி என்பதால் எல்லோருக்கும் தங்கச்சி. அவளைவிட மூத்த சமையல் மாஸ்டருக்கும் தங்கச்சி, காய்கறி இறக்க வருகிறவருக்கும் தங்கச்சி. வயதில் சின்னவர்கள் என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் 'தங்கச்சியக்கா' என்பார்கள். அவள் எதற்கும் திரும்பிப் பார்ப்பாள். இருபத்து நாலு வருஷமாக அந்தக் கடையின் பின்கட்டில்தான் அவளுடைய பகல்கள் போயின. முன்னால் சாப்பிடுகிறவர்கள் நடுவில் போய் நிற்க அவளுக்கு இன்றைக்கும் கூச்சம். குழம்பு வாளியைக் கதவிடுக்கு வழியாக நீட்டுவாளே தவிர, வாசலைத் தாண்ட மாட்டாள். ஆனால் பின்ஜன்னல் அவளுடையது. அங்கே அவள் கூச்சப்பட்டதே இல்லை. அங்கே யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

பின்பக்கத்துச் சந்தைப் பார்த்திருந்த அந்த ஜன்னல் இடுப்பளவில் தொடங்கி நெஞ்சளவில் முடிந்துவிடும். உள்ளே நிற்பவருக்கு வெளியே நிற்பவரின் கைகள் தெரியும், வயிறு தெரியும், முகம் தெரியாது. வெளியே இருப்பவருக்கும் அவ்வளவுதான். குனிந்தால் தெரியும். குனிவதில்லை என்பது கடையின் வழக்கம். சாவு விழுந்த வீட்டில் அன்றைக்கு யார் அடுப்பு மூட்டுவார்கள்? அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து, காலிப் பாத்திரத்தை ஜன்னல் பலகையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா நிற்பார். கவிழ்ந்த பாத்திரத்தைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். உள்ளே இருப்பவர் அதை நிமிர்த்தி, சோறு போட்டு, பருப்பு ஊற்றி, மூடிக் கொடுப்பார். யார், எந்த வீடு, என்ன ஆச்சு, ஒரு கேள்வியும் கிடையாது, விலையும் கிடையாது. கடையைத் தொடங்கிய அப்பா வைத்த வழக்கம். "காலையிலேர்ந்து வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் எப்படி ஆச்சு எப்படி ஆச்சுன்னு பதில் சொல்லியே அவனுக்கு வாய் வலிச்சிருக்கும். நாமளும் கேக்கணுமா?" என்பார்.

இன்னும் ஒன்று உண்டு. பாத்திரத்தை நீட்டிய உடனே விட்டுவிடக் கூடாது. அன்றைக்கு அந்தக் கைகளில் பலம் இருக்காது. வெளியே இருப்பவர் பிடித்து, பிடி உறுதியானதும், தன் பக்கம் லேசாக ஒரு இழுப்பு இழுப்பார். அது வந்த பிறகுதான் விட வேண்டும். சிலருக்கு அந்த இழுப்பு உடனே வந்துவிடும். சிலர் பாத்திரத்தைப் பிடித்தபடி எங்கேயோ போய்விடுவார்கள். உள்ளே இருப்பவர் காத்திருக்க வேண்டும். ஒரு முறை அடுப்பில் பால் பொங்கி வழிய வழிய, மாஸ்டர் கத்தக் கத்த, தங்கச்சி அப்படியே நின்றிருக்கிறாள்.

இதையெல்லாம், கடையை மாற்றிக் கட்ட வரைபடம் போட வந்த பிளான்காரம்மாவிடம் சொன்னதும் அவள்தான். அதை நினைத்தால்தான் நெஞ்சுக்குள் முள் மாதிரி குத்தியது.

பெரிய சாலையில் கண்ணாடி வைத்து, விளக்குப் போட்டுப் புதுக் கடைகள் வந்த பிறகு இந்தக் கடையில் கூட்டம் பாதியாகிவிட்டது. நடுப்பகலில்கூட நான்கு மேசை காலியாகக் கிடந்தது. அண்ணன் யோசித்து யோசித்து, கட்டடத்தையே மாற்றுவதென்று முடிவுசெய்து பிளான்காரம்மாவைக் கூட்டி வந்தார். முப்பது வயதுப் பெண். சுருட்டிய காகிதங்களைக் குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவாள். "கண்ணாடி வச்சா நீங்களும் நூத்துல ஒண்ணு. இந்த மண்ணுல ஜனங்க என்ன பழக்கம் வச்சிருக்காங்களோ, அது இந்தச் சுவத்துல தெரியணும்" என்றாள். இரண்டு வாரம் தெருத்தெருவாக அலைந்தாள். யார் வீட்டுச் சுவரில் விரலால் என்ன கோலம் இழுப்பார்கள், வாசற்படிக்கு என்ன நிறம் பூசுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். கடைசியில் பின்கட்டுக்கு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கச்சியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். தானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தபடி, "இந்த ஜன்னல் ஏன் இப்படி இருக்கு? நீங்க சொல்லுங்க தங்கச்சியக்கா" என்றாள்.

'நீங்க சொல்லுங்க.' அப்படி ஒருவர் தன்னிடம் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று தங்கச்சிக்கு நினைவில்லை. சொல்ல ஆரம்பித்தவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. தன் குரலே யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் இருந்தது. பிளான்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமா, இல்லையா என்று தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து வரைபடம் வந்தது. அண்ணன் முன்மேசையில் விரித்து எல்லோரையும் கூப்பிட்டார். கடைக்குள் ஆள் இல்லாத நேரம் என்பதால் தங்கச்சியும் வந்து மாஸ்டர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். முன்சுவர் முழுக்கச் செம்மண் பூச்சு. அதன்மேல் வெள்ளையில் பெரிய பெரிய கைகள். இரண்டு கை கொடுக்கிறது, இரண்டு கை வாங்குகிறது. உள்ளே ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு பாத்திரம் கவிழ்ந்து தொங்குகிறது, அதற்குள் விளக்கு. பின்ஜன்னல் ஆள் உயரத்துக்கு வளைவாகத் திறந்து, சந்தில் பெஞ்சு போட்டு, மேலே பலகை: 'கேள்வி கேட்காத ஜன்னல்.' யார் வேண்டுமானாலும் வந்து, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துத் தேநீர் வாங்கிக்கொள்ளலாம்.

மாஸ்டர் வரைபடத்தின்மேல் குனிந்தார். "ஏம்மா, தலைக்கு மேல கவுத்த பாத்திரம் தொங்கினா, கீழ உக்காந்து சாப்புடறவன் போனது நாந்தானோன்னு தன்னையே கிள்ளிப் பாத்துக்குவானே?"

எல்லோரும் சிரித்தார்கள். பிளான்காரம்மாவும் சிரித்தாள். "புதுசா வர்றவங்களுக்கு அது அழகு மட்டும்தான் மாஸ்டர். அர்த்தம் தெரியாது."

"அதாம்மா எனக்குப் பயமா இருக்கு."

"பயப்பட என்னய்யா இருக்கு?" என்றார் அண்ணன். "நல்ல விஷயம்தானே, நாலு பேருக்குத் தெரியட்டுமே. நம்ம அப்பா செஞ்சது. ஒளிச்சு வைக்கவா செஞ்சாரு? ஜன்னல் ஒசந்தாலும் நல்லதுதான். வர்றவங்க தெரிஞ்ச மொகமா இருந்தா ஒரு வார்த்தை ஆறுதலா சொல்லலாம்ல?" அவர் குரல் இறங்கியது. "இந்தப் புள்ளையோட வீட்டுக்காரர், என் மாப்ள, போனாரு. ஊருக்கெல்லாம் தெரிஞ்சுது, எனக்குத்தான் கடைசியா தெரிஞ்சுது. அன்னைக்கு மத்தியானம் நான் இதே ஜன்னல்ல நின்னு யாருக்கோ சோறு போட்டுக் குடுத்துட்டிருக்கேன். சாயங்காலம் ஆள் வந்து சொல்றான். ஓடிப்போய்ப் பாத்தா இவ சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. எனக்கு ஏம்மா சொல்லலேன்னு கேட்டா, சொல்ல ஆள் இல்லேன்னா."

இதை அவர் நூறு முறை சொல்லியிருப்பார். எல்லோரிடமும் சொல்வார். சொல்லும்போதெல்லாம் தங்கச்சி ஏதாவது வேலையை நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அன்றும் அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே, "அடுப்புல வச்சிருக்கேன்" என்று உள்ளே போனாள்.

சாக்கட்டிக் கோடு விழுந்த அதே நாள் மத்தியானம் அது நடந்தது. கொத்தனார் சாப்பிட உட்கார்ந்திருந்தார். பிளான்காரம்மா ஜன்னலோரமாக நின்று போனில் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பலகையில் ஒரு சின்னப் பாத்திரம் வந்து கவிழ்ந்தது. கனமில்லாத அலுமினியப் பாத்திரம். ஒரு பக்கம் ஒடுங்கி, மூடியில் பிடிக்குப் பதிலாகக் கம்பி முறுக்கியிருந்தது. அதைக் கவிழ்த்த கை அதன் மேலேயே இருந்தது. ஆண் கை. நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். மணிக்கட்டில் பெண்கள் தலைமுடிக்குப் போடுகிற ரப்பர் வளையம் ஒன்று.

தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் போன் 'க்ளிக்' என்றது. சின்னச் சத்தம்தான். ஆனால் அந்தக் கை, சூடு பட்டதுபோல் பின்னால் போய்விட்டது. தங்கச்சி வாழ்க்கையில் முதல் முறையாக அந்த ஜன்னலில் குனிந்தாள். சந்தின் முனையில் ஒரு சட்டையின் முதுகு திரும்பிக்கொண்டிருந்தது. கூப்பிட வாயெடுத்தாள். என்னவென்று கூப்பிடுவது?

"நான் மொகத்தை எடுக்கல தங்கச்சியக்கா," என்றாள் பிளான்காரம்மா. போனை நீட்டினாள். "கை மட்டும்தான். இங்க பாருங்க. கை மட்டும்தான்."

"கை மட்டும்தானாம்," என்றார் மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்து. "அங்க வேற என்ன இருக்கு எடுக்க?"

பிளான்காரம்மா அந்தப் படத்தை அங்கேயே அழித்தாள். அழித்ததை எல்லோருக்கும் காட்டினாள். தங்கச்சி பாத்திரத்தை நிமிர்த்தினாள், சோறு போட்டாள், பருப்பு ஊற்றினாள், மூடிப் பலகையிலேயே வைத்தாள். யாரும் வரவில்லை. மூன்று மணிக்கு அதைக் கொட்டிவிட்டுச் சூடாக வேறு போட்டாள். ஐந்து மணிக்கும் வரவில்லை. அந்த ரப்பர் வளையம் யாருடையது? மனைவியா, மகளா? இப்போது யாருடைய தலைமாட்டில் அவன் உட்கார்ந்திருப்பான்? வீட்டில் பசியோடு யார் யார் இருப்பார்கள்? ஆறு மணிக்குப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அண்ணன் கல்லாவை மூடிவிட்டு, கொத்தனார் நாளை தொடங்குவதற்காகச் சாக்குப்படுதாவை விரித்துக்கொண்டிருந்தார். அவள் கதவிடுக்கில் போய் நின்றாள்.

"அண்ணே. முன்னால என்ன வேணும்னாலும் செஞ்சுக்கங்க. கை வரையுங்க, விளக்குப் போடுங்க. பின்ஜன்னலை மட்டும் விட்டுடுங்க."

"என்னம்மா இது, நாளைக்கு ஒடைக்கப்போறாங்க, இப்ப வந்து சொல்ற?"

"இன்னைக்கு ஒருத்தர் வந்துட்டு வெறுங்கையோட போய்ட்டாரு அண்ணே."

"அது அந்தப் பொண்ணு தெரியாம செஞ்சது. நல்லா திட்டிட்டேன், அழுதுட்டுப் போகுது." அவர் படுதாவின் மடிப்பை நீவினார். "நீயே நெனச்சுப் பாரு. ஜன்னல் ஒசரமா இருந்திருந்தா, நீ அவன் மொகத்தப் பாத்திருப்ப. யாருன்னு தெரிஞ்சிருக்கும். இப்ப நானே வீடு தேடிப்போய்ச் சோத்தைக் குடுத்துட்டு வந்திருப்பேன். மொகம் தெரியாததாலதானே அந்த மனுசன் பட்டினி? அப்பா காலத்துல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அதனால மறைச்சாரு. இப்ப யாருக்கும் யாரையும் தெரியல. தெரிஞ்சுக்கிட்டா என்ன தப்பு?"

அண்ணன் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் தப்பு என்று ஒரு வார்த்தையைக்கூடத் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்ட முடியவில்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு விஷயம். அதைச் சொன்னால் அண்ணன் உடைந்துபோவார். இல்லை, 'பாத்தியா, இதுக்குத்தான் ஒசரமா வைக்கணும்கறேன்' என்று சொல்லிவிடுவார். எது நடக்குமென்று இருபத்து நாலு வருஷம் கூடவே இருந்தும் அவளால் சொல்ல முடியவில்லை.

விஷயம் இதுதான். அன்றைக்கு அவளுக்கு இருபத்தாறு வயது. புருஷன் காலையில் எழுந்திருக்கவில்லை. ஒற்றை அறை வீடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், நின்றார்கள், ஆளுக்கொரு வேலையாக ஓடினார்கள். படுத்த படுக்கையாக மாமியார். மாத்திரை போட்டுச் சாப்பிடாவிட்டால் அவருக்கும் மயக்கம் வந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு மேல் மாமியார் ஈனக் குரலில், "எனக்கு ஒரு வாய்..." என்று தொடங்கி, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வார்த்தைக்காகத்தான் தங்கச்சி எழுந்தாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நான்கு தெரு நடந்தாள். அண்ணனிடம் சொல்லத்தான் போனாள். முன்வாசலில் சாப்பாட்டுக் கூட்டம், இலை தட்டுச் சத்தம், யாரோ உரக்கச் சிரித்தார்கள். அதைக் கடந்து போக முடியவில்லை. கால்கள் தானாகச் சந்துக்குள் திரும்பின. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

உள்ளேயிருந்து அண்ணனுடைய கைகள் வந்தன. கட்டைவிரலில் தேங்காய் உடைக்கும்போது பட்ட பழைய வெட்டு. அந்தக் கைகள் பாத்திரத்தை மெதுவாக நிமிர்த்தின. சோற்றை அமுக்காமல், உதிர்த்து உதிர்த்துப் போட்டன. ஒரு கரண்டி போதுமென்ற இடத்தில் இன்னொரு கரண்டி. விளிம்பில் சிந்திய பருப்பை விரலால் வழித்துத் துடைத்தன. 'அண்ணே' என்பது அவள் தொண்டைவரை வந்தது. யாரென்றே தெரியாத ஒருத்திக்கு இந்தக் கை இப்படிச் செய்கிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றதில் அந்த வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது. பாத்திரம் அவள் கைக்கு வந்தது. அண்ணன் விடவில்லை. அவள் கைகள் நடுங்கின. அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, கேட்கவில்லை, குனியவில்லை. அன்று காலையிலிருந்து அவளைத் தாங்கிப் பிடித்தது அது ஒன்றுதான். எவ்வளவு நேரமோ. பிறகு அவள் லேசாக இழுத்தாள். அவர் விட்டார்.

சாயங்காலம் தலையில் அடித்துக்கொண்டு வந்த அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது? அன்று சொல்லவில்லை. மறுநாள் சொல்வதற்குள் அது கல்லாகிவிட்டது.

காலையில் கொத்தனார் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தபோது தங்கச்சி சோற்றை வடித்து முடித்திருந்தாள். பிளான்காரம்மாவும் வந்திருந்தாள். காகிதச் சுருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாசலுக்கும் உள்ளுக்குமாக நின்றாள்.

"அண்ணே, செத்த நேரம் ஜன்னல்கிட்ட நிக்கிறீங்களா? ஒடைக்கிறதுக்குள்ள நேத்து வந்தவர் வந்தாலும் வருவாரு. எனக்கு வெளிய ஒரு வேலை இருக்கு."

"உனக்கு வெளிய வேலையா?" என்று மாஸ்டர் ஆச்சரியப்பட்டார். "மழைதான் வரப்போகுது."

அண்ணன் மறுக்காமல் போய் நின்றார். அவள் அந்த வேலையை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து அவர் அங்கே நின்றதில்லை. அவருக்கு இடம் புதிதாக இருந்தது போலும், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பலகையைத் துடைத்தார். தங்கச்சி முறத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒடுங்கிய பாத்திரத்தை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள். முன்வாசல் வழியாகப் போனாள். மேசைகளுக்கு நடுவே, காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர் நிமிர்ந்து பார்க்கப் பார்க்க, நடந்து போனாள்.

சந்தில் ஈரம் காய்ந்திருக்கவில்லை. சுவரை ஒட்டி மணலும் செங்கல்லும் குவித்திருந்தார்கள். இருபத்து நாலு வருஷம் கழித்து இந்தப் பக்கம் நின்றபோது ஜன்னல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. உள்ளே அண்ணனுடைய வேட்டியும் சட்டையின் கீழ்ப்பாதியும் தெரிந்தன. அவள் பாத்திரத்தைப் பலகையில் கவிழ்த்து வைத்தாள். அன்று போலவே கையை எடுக்க மறந்து அதன்மேல் வைத்திருந்தாள். அடுப்பில் சுட்ட தழும்புகள் நிறைந்த கை.

"வந்துட்டாரு," என்று அண்ணன் உள்ளே யாருக்கோ தாழ்ந்த குரலில் சொன்னார். அவருக்குத் தெரிந்த பாத்திரம்தான். நேற்று நாள் முழுக்க அதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இரவு முழுக்க கடைக்குள்ளேயே இருந்தது என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய கைகள் பாத்திரத்தை நிமிர்த்தின. சோற்றை உதிர்த்து உதிர்த்துப் போட்டன. தோல் சுருங்கி, நரம்பு தெரிந்தாலும் கட்டைவிரலின் வெட்டு அப்படியே இருந்தது. ஒரு கரண்டி போதுமென்ற இடத்தில் இன்னொரு கரண்டி. பருப்பை ஊற்றி, விளிம்பை வழித்துத் துடைத்து, மூடினார். இரண்டு கைகளாலும் நீட்டினார்.

அவள் பிடித்தாள்.

அப்போதுதான் அவர் அவளுடைய தழும்புக் கைகளைப் பார்த்தார். அவருடைய கைகள் நின்ற விதத்தில் அவளுக்கு அது தெரிந்தது. பாத்திரம் அசையவில்லை. "தங்கச்சி?" என்ற குரல் பாதியில் தொடங்கிப் பாதியில் நின்றது. அவர் எதையோ பின்னோக்கி நடந்து தேடுவது, அந்தப் பாத்திரத்தின் வழியாகவே அவளுக்குத் தெரிந்தது. ஒரு மத்தியானம். யாருக்கோ போட்ட சோறு. யாருக்கோ.

பாத்திரம் மெல்ல நடுங்க ஆரம்பித்தது. இந்த முறை நடுக்கம் உள்ளேயிருந்து வந்தது.

அண்ணன் குனிந்தால் முகம் தெரியும். அவள் கண்ணை மூடாமல் காத்திருந்தாள். சட்டையின் கீழ்ப்பாதி ஒரு முறை முன்னால் மடங்குவது போலிருந்தது. பிறகு மறுபடி நிமிர்ந்தது.

"முதலாளி," கொத்தனாரின் குரல் உள்ளே கேட்டது. "ஆரம்பிக்கட்டுங்களா?"

அண்ணனின் கைகள் பாத்திரத்தை விடவில்லை. பாத்திரத்தின் சூடு விரல்களில் ஏறியது. கம்பி முறுக்கிய மூடியின் ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் இழுக்கவில்லை. பிடியை மட்டும் இன்னும் கொஞ்சம் உறுதியாக்கிக்கொண்டு, அந்தப் பக்கத்துக் கைகளுக்குப் பலம் வரட்டுமென்று நின்றாள்.